ஜீவதன் களஞ்சியத்தில் நெருப்பு வேண்டாம்

புனேயிலிருந்தும் மும்பையிலிருந்தும் வாராவாரம் சகியாத்திரி மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் மலையேற்றக் குழுக்களுக்கு,

வணக்கம். உங்களில் சில குழுக்களோடு நானும் ஏறியிருக்கிறேன். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி, பயந்து நிற்பவரிடம் பேச்சுக்கொடுத்தே மேலே ஏற்றிவிடும் உங்கள் பொறுமையைப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஜுன்னர் பக்கம், நாணேகாட் கணவாய்க்கு மேலே நிற்கும் ஜீவதன் கோட்டையின் தானியக் களஞ்சியத்துக்குள் இனிமேல் நெருப்பு மூட்டாதீர்கள். ராத்தங்கலுக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

போன தடவை உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூன்று கல்லைக் கூட்டி யாரோ சமைத்திருந்தார்கள். பாதி எரிந்த விறகு, நசுங்கிய நூடுல்ஸ் பாக்கெட், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல். அதற்கு நேர் மேலே சுவரில் புதுக் கரி படிந்திருந்தது. அடுப்புச் சாம்பல், தரையில் ஏற்கெனவே கிடந்த பழைய சாம்பலோடு கலந்துபோயிருந்தது. பாக்கெட்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். கலந்த சாம்பலை யார் பிரிப்பது?

அந்தப் பழைய சாம்பல் 1818-ஆம் ஆண்டுப் போரில் களஞ்சியம் தீப்பிடித்து எரிந்ததன் மிச்சம் என்று அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் மராட்டியரின் மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மறுபடி யாரும் அங்கே போய் உட்கார முடியாதபடி ஏறும் வழிகளைத் தகர்த்துக்கொண்டு போன காலம் அது. கோட்டையின் கல்யாண் வாசல் பக்கம் படிகள் சிதைந்து கிடப்பதற்கும் அதுவே காரணம் என்கிறார்கள். சரி, சாம்பல் விஷயத்தில் ஊர்ப்பேச்சு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாதுதான். என்ன தானியம், எப்போது எரிந்தது என்று ஆய்வாளர்கள் ஒருநாள் தோண்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் வரும்போது எடுத்துப் பார்க்க அந்த அடுக்கு கலையாமல் இருக்க வேண்டும். நாம் போன வாரம் எரித்த சுள்ளியின் கரி அதில் விழுந்தால், அந்த வாய்ப்பும் போச்சு.

களஞ்சியம் சாதாரணக் கட்டடமும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அறைகள், கல்லில் செதுக்கிய தாமரைகள். புகை படிந்த இடத்தில் செதுக்கலின் ஓரமே தெரிவதில்லை. இவ்வளவு உயரத்தில் இவ்வளவு தானியம் எதற்கு என்று யோசித்தால், கீழே இருக்கும் நாணேகாட் கணவாய்தான் பதில் சொல்லும். கொங்கணக் கரையின் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு இந்தக் கணவாய் ஏறித்தான் ஜுன்னருக்கும் அப்பால் சாதவாகனரின் தலைநகரான பைட்டணுக்கும் போனது. கணவாயின் தலைமாட்டிலுள்ள குகையில் சாதவாகன அரசி நாகனிகாவின் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. செய்த வேள்விகளும், கொடுத்த பசுக்களும் காசுகளும் எண்ணிக்கையோடு அதில் இருக்கின்றன. வெளியே இருக்கும் பெரிய கல்தொட்டியில்தான் சுங்கக் காசு போட்டார்கள் என்பார்கள். பிற்காலத்தில் ஜீவதன், சாவண்ட், ஹட்சர், சிவ்னேரி ஆகிய நான்கு கோட்டைகளும் இந்த வழியைக் காவல் காத்தன. அவற்றில் கணவாய்க்கு நேர் மேலே நிற்பது ஜீவதன். மாதக்கணக்கில் முற்றுகை நடந்தாலும் காவலர் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் அந்தக் களஞ்சியம்.

இந்தக் கோட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1630-களில், அகமதுநகரை ஆண்ட நிஜாம்ஷாகி வம்சத்துச் சிறுவன் முர்தாசாவை இங்கேதான் சிறைவைத்திருந்தார்கள். சிவாஜியின் தந்தை ஷாஹாஜி அவனை விடுவித்து, பேம்கிரி கோட்டையில் கொண்டுபோய் அரியணையில் உட்காரவைத்தார். 1636-இல் அந்த அரசே முடிந்துபோனது.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் 12 யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நம் செஞ்சியும் அதில் ஒன்று, பக்கத்திலிருக்கும் சிவ்னேரியும் ஒன்று. ஜீவதன் அதில் இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் பட்டியலில் இல்லாத கோட்டைக்குத்தான் ஏறிப்போகிறவர்களின் கவனம் அதிகம் தேவை. அங்கே அதிகம் போகிறவர்கள் நீங்கள்தான்.

மழையோ வெயிலோ வந்தால் களஞ்சியத்தில் ஒதுங்குவதை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். கோட்டைமேல் ஒதுங்க வேறு நல்ல இடம் கிடையாது. ஒதுங்குங்கள், உட்காருங்கள், கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிடுங்கள். அடுப்பு மட்டும் வேண்டாம். கீழே காட்கர் கிராமத்தில் சொல்லிவைத்தால் வீடுகளில் பித்லாவும் (கடலைமாவுக் குழம்பு) பாக்ரியும் (தடித்த ரொட்டி) சுடச்சுடச் செய்து தருகிறார்கள், படுக்கவும் இடம் கொடுக்கிறார்கள். உங்கள் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த வீடுகளுக்குப் போகட்டும்.

அப்புறம், ட்ரெக் அறிவிப்பில் தண்ணீர் பாட்டில், ஷூ, டார்ச் என்று எழுதுகிறீர்களே, அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: களஞ்சியத்துக்குள் நெருப்பு கிடையாது. வாசலில் நின்று உங்கள் தலைவர் அதை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். வரும் மழைக்காலத்தில் காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும் நாணேகாட்டின் தலைகீழ் அருவியைப் பார்க்கக் கூட்டம் குவியும், அதில் பாதிப் பேர் ஜீவதனுக்கும் ஏறுவார்கள். அதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
புனேயில் வசிக்கும் ஒரு மலையேறி