ஆண்டறிக்கை 2024–25: பச்சைநீலக் கற்களும் நம் கடற்காற்றும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கல் சேகரிப்போர் சங்கப் பெட்டிக்கு இவ்வாண்டு வந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது, நியூ மெக்சிகோவின் கெல்லிச் சுரங்கத்து ஸ்மித்சோனைட். ஈயத்துக்கும் வெள்ளிக்கும் தோண்டிய இடம் அது. இந்தத் துத்தநாகக் கார்பனேட்டை வேண்டாத கல்லென்று வெளியே கொட்டினார்கள். 1900களின் தொடக்கத்தில்தான் அதன் மதிப்பு தெரிந்தது. கலப்பில்லாமல் இருந்தால் வெள்ளை. சிறிதளவு செம்பு சேர்ந்ததால்தான் இந்தப் பச்சைநீலம்.

கீழக்கரையில் கல் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் சாயமேற்றிய போலிக்கல் ஏமாற்றிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். தாய்ப்பாறை (கல் வளர்ந்த அடிப்பாறை) ஒட்டாத துண்டை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். உலர்ந்த எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். வருவது, கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. 66 கிராம் துண்டுக்கு 15 காட்டினால் 4.4, அதாவது ஸ்மித்சோனைட். சாயமேற்றிய ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல் என்றால் தராசு 26 அளவில் நிற்கும். இடுக்கில் காற்றுக்குமிழி தங்கினால் நல்ல கல்லும் போலியாகத் தெரியும். தண்ணீருக்குள்ளேயே மெல்ல ஆட்டி அதை வெளியேற்றுங்கள்.

கழுவுவதில்தான் அதிகச் சேதம். செம்புக்குடம் துலக்குகிற நினைப்பில் புளியோ எலுமிச்சையோ போடக்கூடாது. குடத்தில் பச்சை அழுக்கு. மாலகைட் என்ற செம்புக் கனிமத்தில் பச்சைதான் கல். அமிலம் பட்ட இடம் மினுக்கமிழந்து சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். போர்த் தண்ணீரும் வேண்டாம், காய்ந்தால் உப்பு பூக்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஊசி ஊசியாக வளரும் ஆரிகால்சைட் என்ற கனிமத்துக்குத் தண்ணீரும் ஆகாது, பிரஷும் ஆகாது. அதன் ஊசிகள் விரல் பட்டாலே படிந்துவிடும். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பல்பு போதும்.

உப்புக்காற்றுக்கு மூடிய பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் சரி. ஆனால் மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கல்லை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். அதன் நீலமே படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரால் வருவது. ஜெல் அதை உறிஞ்சினால் வெளிறிப் பொடியாகும். (சந்தையில் 'சுரங்கத்து மயில்துத்தம்' என்று விற்பதில் பாத்திரத்தில் வளர்த்தது நிறைய.) கிரிசோகொல்லா என்ற செம்புக் கனிமமும் அதிகம் உலர்ந்தால் விரிசல் விடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். விவரச் சீட்டு தொலைந்த கற்களுக்குச் சுரங்கப் பெயரை ஊகித்து எழுதுவதில்லை என முடிவாகியுள்ளது. ஐப்பசி மழைக்கு முன் எல்லோரும் ஜெல்லை 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கி உலர்த்திவிடுங்கள்.

செயலாளர்