கவுன்சிலரிடம் பேச வேண்டும், அவர் வீட்டுக்காரரிடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வார்டு கவுன்சிலர் என்ன செய்தார் என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள், எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் வார்டு எண்ணையும் மட்டும் கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அதே தெரு வழியாகத்தான் பால் வாங்கப் போக வேண்டும்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் அந்த வருஷம் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் மாட்டி நின்றுபோய், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் ஓட்டுப்பெட்டி வந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் காலம், குழாயில் காற்று வந்தால்கூட யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாது. அதனால் இந்த அம்மா ஜெயித்த அன்று கட்சி வித்தியாசம் பார்க்காமல் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது.

செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குப்பைமேடு போய்விட்டது. இது சின்ன வேலை இல்லை, என் பெரிய பெண் அந்தப் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அது அங்கே கிடந்தது, இப்போது அவள் பிள்ளை படிக்கிறான். தெருவிளக்கும் பரவாயில்லை. அப்புறம் திறப்பு விழாக்கள். மெயின் ரோட்டில் ஒரு நிழற்குடை கட்டினார்கள், பேருந்து அதைத் தாண்டி ஐம்பது அடி தள்ளித்தான் நிற்கிறது, நாங்கள் வெயிலில் நிற்கிறோம், நிழற்குடையில் நாய்கள் படுத்திருக்கின்றன. பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் வைத்தார்கள், பாதி துருப்பிடித்துவிட்டது. ஆனால் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்ட குறுக்குத் தெருக்கள் இரண்டு மழையைப் பார்த்த பிறகும் அப்படியேதான் இருக்கின்றன. மெயின் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படுகிற வேலை சீக்கிரம் நடக்கிறது, குறுக்குத் தெரு வேலை நடப்பதில்லை. என் கணக்கில் இதுதான் இவர்களுடைய முன்னுரிமை.

இதில் "இவர்கள்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், போன் செய்தால் எடுப்பது கவுன்சிலரின் கணவர். வீட்டுக்குப் போனாலும் முன்னறையில் உட்கார்ந்து மனு வாங்குவது அவர், ஒப்பந்ததாரரிடம் பேசுவது அவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர். நாங்களும் வெட்கமில்லாமல் "கவுன்சிலர் சார்" என்று கூப்பிடப் பழகிவிட்டோம். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் நான் ஓட்டுப் போட்டது அவருக்கு இல்லையே.

போன வருஷம் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வந்தது. கணவர் வெளியூரில் இருந்தார், வேறு வழியில்லாமல் அந்த அம்மாவே வந்தார். குடத்தை வாங்கி மோந்து பார்த்தார், நாலு வீட்டில் ஏறி எந்தெந்தக் குழாயில் நாற்றம், எதில் இல்லை என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்தார், பொறியாளரை வரவழைத்து அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலத்துக்குள் உடைந்த இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு முன்பு பத்து நாளாக "சொல்லியிருக்கிறேன், ஆள் வரும்" என்றுதான் எங்களுக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்த கவுன்சிலரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

கிராமத்தில் இருக்கும் என் அக்கா குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்றால் கிராம சபைக்குப் போய்விடுவாள், ஊராட்சிக் கணக்கை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். நகரத்துக்கும் இதே மாதிரி ஏரியா சபை உண்டு. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அங்கே ஓட்டு உள்ளவர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்கு மேலே வார்டு கமிட்டி, அதன் தலைவர் கவுன்சிலர். 2022 நவம்பர் 1-ஆம் தேதி இதைத் தொடங்கியபோது தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எங்கள் பகுதியிலும் அன்று ஷாமியானா போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கூட்டம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு எப்போது கூடியது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. கேட்டால், கூட்டம் போட்டால் சண்டைதான் வரும் என்கிறார் கணவர். வரட்டுமே.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்கள், 600 சதுர அடிக்குக் கீழே இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், எங்கள் மாதிரி 600-க்கு மேல் 1,200-க்குள் உள்ளவர்களுக்கு 50 சதவீதம். கட்டிவிட்டோம், முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனாலும் கட்டினோம். 2023-இலிருந்து மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியமும் கொடுக்கிறார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வேலை செய்கிறவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும், இன்னும் கூடவே கொடுக்கலாம். அந்த வேலையை ஓட்டு வாங்கியவரே செய்ய வேண்டும் என்பதுதான் என் பேச்சு. எங்கள் வார்டில் எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தெரு எப்போது என்று ஒரு தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் போதும், நாங்கள் வாசித்துக்கொள்கிறோம்.

அந்த அம்மா உங்கள் பத்திரிகையைத் தினமும் வாசிப்பார் என்று தெரியும், அதனால்தான் இங்கே எழுதினேன். ஏரியா சபை கூட்ட இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம், பிள்ளையார் கோயில் மண்டபம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலியாகத்தான் இருக்கிறது. நாற்காலிக்கு நாங்கள் சொல்லிவிடுகிறோம். அந்த நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வரட்டும்.

இப்படிக்கு,
குறுக்குத் தெரு வாசகர் ஒருவர்