வீடுகளை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் தராதீர்கள்

மதிப்பிற்குரிய கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வாசிப்பறைக் கதவில் சென்ற மாதம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த மைக்ரோபிலிம் சுருள்களும் அவற்றைப் படிக்கும் கருவிகளும் அகற்றப்படுகின்றன. பாரிஷ் (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதி) பெட்டிகளிலிருந்து உங்களிடம் வந்து சேர்ந்த பழைய கணக்குத் தாள்கள் வெளியூர்க் கிடங்குக்குப் போகின்றன. இனி எல்லாவற்றுக்கும் புதிய தரவுத்தளம் போதும் என்கிறீர்கள். இது எப்படி முடிவானது, ஆலோசனைக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவின் கோரிக்கையை ஆங்கிலத்தில் முறைப்படி அனுப்பினோம். தானியங்கிப் பதில் ஒன்று வந்ததோடு சரி. ஆகவே இதைப் பொதுவில் வைக்கிறேன். இங்கிலாந்தின் ஊர்களில் பல ஆண்டுகளாக வாழ்ந்து, அவற்றின் வரலாற்றையும் தேடிப் படிக்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் இதை அறியட்டும்.

உங்கள் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறது. வயது, தொழில், பிறந்த இடம், பாரிஷ் எல்லாம் இருக்கின்றன. வீடு இல்லை. குடியிருக்கும் வீடு, ஆளில்லாத வீடு, கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீடு என்று கணக்கெடுப்பாளர்கள் தெருத்தெருவாக நடந்து குறித்த பத்திகள் முழுவதும் விடுபட்டிருக்கின்றன. அவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இது யாரைப் பாதிக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். அவருடைய முன்னோரில் ஒருத்தி 1841இல் கைம்பெண். வயல் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவள். அந்த ஆண்டின் கணக்கெடுப்பு எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குடும்பத் தலைவருக்கு இன்னார் என்ன உறவு என்று அப்போது கேட்கவே இல்லை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். கணக்கெடுப்பாளர்கள் பென்சிலால் எழுதினார்கள். இத்தனை குறைகளுக்கு நடுவே, யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த ஏட்டில் இருக்கும் ஒரே சான்று ஓரத்தில் இட்ட சாய்கோடுகள்தாம். ஒரு குடும்பம் முடிந்தால் ஒரு கோடு. வீடே முடிந்தால் இரண்டு கோடுகள். அந்தக் கைம்பெண்ணின் பெயருக்குக் கீழே ஒற்றைக் கோடு. அடுத்த குடும்பத்துக்குக் கீழேயும் ஒற்றைக் கோடு. மூன்றாவது குடும்பத்துக்குப் பிறகே இரட்டைக் கோடு வருகிறது. அதாவது, ஒரு சிறு குடிசையில் மூன்று குடும்பங்கள்.

உங்கள் தரவுத்தளத்தில் இந்த மூன்று குடும்பங்களுக்கும் கணினியே மூன்று தனித்தனி வீட்டு எண்களைக் கொடுத்திருக்கிறது. கோடுகளை யாரும் படியெடுக்கவில்லை. பார்ப்பவர்கள் அவர்கள் மூன்று வீடுகளில் வசதியாக வாழ்ந்ததாகத்தான் நினைப்பார்கள். சுருளைக் காட்டி இதைத் திருத்தக் கேட்கலாம் என்று அந்த மூதாட்டி தம் பேத்தியுடன் உங்கள் வாசிப்பறைக்கு வந்தார். கருவி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. தனியார் தளத்தில் சந்தா கட்டினால் அசல் பக்கத்தின் படத்தைப் பார்க்கலாம் என்று மேசையில் இருந்தவர் சொல்லி அனுப்பினார். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம், அவருடைய ஊரின் பொது ஆவணத்தைக் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் துணிவு ஒரு பொது நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது? அவர் அன்று ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. அவருக்காக நான் கோபப்படுகிறேன்.

சந்தா கட்டினாலும் சிக்கல் தீராது. ஆளில்லாத வீட்டுக்குப் பெயர் கிடையாது. பெயரைத் தட்டினால் மட்டுமே திறக்கும் தளத்தில் அதைத் தேடி எடுக்க வழியே இல்லை. 1801 முதல் 1831 வரையிலான பாரிஷ் தாள்களோ அந்தத் தளங்களில் பெரும்பாலும் இல்லவே இல்லை.

வீட்டைப் பற்றிய விவரம் பின்னிணைப்பாக வந்த ஒன்றன்று. ஜான் ரிக்மன் முன்னின்று நடத்திய 1801ஆம் ஆண்டின் முதல் கணக்கெடுப்பில், ஒவ்வொரு பாரிஷின் ஏழைப் பராமரிப்பு மேற்பார்வையாளரிடமும் கேட்கப்பட்ட முதல் கேள்வியே வீடுகளைப் பற்றியதுதான். குடியிருக்கும் வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, ஆளில்லாத வீடுகள் எத்தனை என்று கேட்டார்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்பது அதற்கு அடுத்த கேள்வி. லண்டனுக்கு அனுப்பப்பட்ட 1801 முதல் 1831 வரையிலான முதல் நான்கு கணக்கெடுப்புகளின் மூலத் தாள்களை 1904இல் அரசே அழித்துவிட்டது. பாரிஷ் எண்கள் அச்சில் தப்பின. ஆனால் வீடுவீடாக எழுதிய விவரம், சில மேற்பார்வையாளர்கள் தங்கள் பயன்பாட்டுக்காக எழுதி ஊர்த் தேவாலயப் பெட்டியில் போட்டுவைத்த பிரதிகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நீங்கள் கிடங்குக்கு அனுப்பும் கட்டுகளில் இருப்பவை அவைதாம். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

இந்த எண்களால் என்ன பயன் என்பதற்கு ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1865 வரை ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளின் செலவைத் தானே சுமந்தது. நிலம் முழுவதும் ஓரிருவர் கையில் இருந்த ஊர்களில், தொழிலாளி அங்கே குடியிருந்தால்தானே ஏழைகளுக்காகத் தாங்கள் கட்டும் வரி கூடும் என்று குடிசைகளையே இடித்தார்கள். அவன் பல மைல் தள்ளி நெரிசலான வேறோர் ஊரில் ஒண்டிக்கொண்டு, விடியலில் அதே பண்ணைக்கு நடந்து வந்தான். மருத்துவர் ஹென்றி ஜூலியன் ஹன்டர் இதை வெளிக்கொண்டுவர 1851, 1861 கணக்கெடுப்புகளின் வீட்டு எண்களையும் ஆள் எண்களையும் பாரிஷ் பாரிஷாக ஒப்பிட்டார். வீடுகள் அழிந்த 821 பாரிஷ்களில், ஐந்து சதவீதத்துக்கும் சற்று அதிகமாகப் பெருகியிருந்த மக்கள், நாலரை சதவீதம் குறைந்துபோன வீடுகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எங்கள் பாரிஷிலும் அப்படி நடந்ததா என்பதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். பாதி வேலையில் ஏட்டை மூடிவிட்டீர்கள்.

இந்த நாட்டின் கணக்கெடுப்புகளுக்கு ஏற்கெனவே நேர்ந்த இழப்புகள் போதாதா? இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் கிடங்கில் எரிந்து போயின. அது குண்டுவீச்சால்கூட நிகழவில்லை. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921ஆம் ஆண்டின் ஏடுகளுக்காக நூறாண்டு காத்திருந்த மக்கள், 2022இல் அவை வெளியானபோது தங்கள் குடும்பத்தின் பக்கத்தை வீட்டிலிருந்து பார்க்கக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பல காப்பகங்களில் பணியாளர்கள் குறைகிறார்கள், வாசிப்பறையின் நேரம் சுருங்குகிறது, ஒவ்வொரு வெட்டுக்கும் நவீனமயம் என்று பெயர் வைக்கிறார்கள். எரிந்ததை மீட்க முடியாது. கையில் பத்திரமாக இருப்பதைப் பாதி மட்டும் படியெடுத்துவிட்டு மீதியைப் பூட்டிவைப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மன்னிக்க வேண்டும்; நாடு முழுவதற்குமான குறைகளுக்கு நீங்கள் பொறுப்பல்லர். உங்கள் வரவுசெலவு எவ்வளவு இறுக்கமானது என்பதையும், வாசிப்பறைப் பணியாளர்கள் எங்களுக்கு எத்தனை உதவியிருக்கிறார்கள் என்பதையும் நாங்கள் அறிவோம். உங்களால் செய்யக்கூடியதை மட்டும் பணிவுடன் கேட்கிறோம். வீட்டுப் பத்திகளையும் குடும்பங்களைப் பிரிக்கும் கோடுகளையும் தரவுத்தளத்தில் சேருங்கள். ஆளில்லாத வீடுகளுக்கும் ஒரு வரி கொடுங்கள். படியெடுக்க ஆள் இல்லையென்றால் எங்கள் குழுவின் தன்னார்வலர்கள் ஊதியமின்றி வந்து எழுதித் தருவார்கள். உங்கள் பணியாளர் ஒருவர் சரிபார்த்தால் போதும். அந்த வேலை முடியும்வரை ஒரே ஒரு மைக்ரோபிலிம் கருவியையாவது வாசிப்பறையில் மீண்டும் வையுங்கள். 1801 முதல் 1831 வரையிலான பாரிஷ் தாள்களைப் படமெடுத்து முடிக்காமல் கிடங்குக்கு அனுப்பாதீர்கள்.

தாள்களைக் கிடங்குக்கு எடுத்துச்செல்ல வண்டி வரும் தேதியை உங்கள் அறிவிப்பில் குறிப்பிடவில்லை. அதை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும், அதற்கு முன்பாகக் குழுவின் சார்பில் இருவரைச் சந்திக்க நேரம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர் வரலாற்றுக் குழுவின் சார்பில்,
உங்கள் வாசிப்பறையின் நெடுநாள் வாசகர் ஒருவர்