பந்தயத்தில் பாதி உங்களுக்கு

லப்பக், டெக்சாஸ்
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கம்பெனி கொடுத்த புது பிக்கப் நடுவழியில் நின்ற கதையைத் தங்கை உங்களிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. உங்கள் கடிதத்தின் முதல் வரியே "நான் அப்போதே சொன்னேன், பழைய வண்டிதான் உறுதி, பந்தயம் கட்டலாமா" என்றுதான் தொடங்குகிறது. என் உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி இரண்டாம் பக்கத்தில் வருகிறது. ஆகவே நானும் நேராக வண்டிக்கு வந்துவிடுகிறேன்.

ராஸ்கோ பக்கம் காற்றாலைகளைப் பார்வையிடப் போய்க்கொண்டிருந்தேன். இங்கிருந்து போக மட்டும் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே ஒரு பண்ணையில் மட்டும் அறுநூறுக்கு மேல் காற்றாலைகள். பருத்திக் காட்டுக்கு நடுவே காலை நட்டுக்கொண்டு நிற்கும். வண்டிக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. திடீரென்று முகப்புத் திரையில் எஞ்சினின் சக்தி குறைக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம். புகை இல்லை, சத்தம் இல்லை, ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று என்னைப் பார்த்தது. அதற்குக் கீழே எஞ்சின் இருப்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டி வர மூன்று மணி நேரம், பணிமனையில் பதினொரு நாள். கடைசியில் பிடிபட்டது விரல்நுனி அளவுள்ள ஒரு மின் இணைப்பு. அதில் ஒரு முள் பச்சை பூத்திருந்ததாம். கண்டுபிடிக்கப் பத்து நாள், மாற்ற அரை மணி நேரம்.

இதைக் கேட்டுத்தான் நீங்கள் அங்கே வெற்றிவிழா கொண்டாடியிருக்கிறீர்கள். ஆனால் என் சொந்த வண்டி ஆகஸ்டில் என்ன செய்தது என்று தங்கை சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 2004 மாடல். எட்டு சிலிண்டர், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. வாங்கும்போதே 1,60,000 மைல் ஓடியிருந்தது. உங்கள் கணக்கில் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காத ஒரு கிராமச் சாலையில், விளக்கை ஊதி அணைத்ததுபோல நின்றுவிட்டது. பெட்ரோல் டாங்குக்குள் இருக்கும் பம்ப் செத்துவிட்டது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. புது வண்டியாவது திரையில் ஒரு வரி எழுதிவிட்டு, ஊர்ந்தாவது ஓரம் சேர்ந்தது. இது அதுகூடச் செய்யவில்லை. இரண்டு மைல் இருட்டில் நடந்தேன். அம்மாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆனால் மறுநாள் நடந்ததைக் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் எழுபது வயதைத் தாண்டிய பருத்தி விவசாயி. நான் டாங்கை இறக்கும் ஏற்பாட்டில் தரையில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கீழே ஏன் போகிறாய்? முதுகைக் கழற்று" என்றார். பிக்கப்பின் பின்பெட்டி சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் சில போல்ட்டுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகள், பெட்ரோல் ஊற்றும் குழாய், பின்விளக்கு வயர், இவ்வளவுதான் பிடிமானம். நான்கு பேர் பிடித்துத் தூக்கிப் பின்னால் நகர்த்தினோம். டாங்கின் தலையில் பம்ப் உட்கார்ந்திருந்தது, கையை நீட்டினால் எட்டும் இடத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வண்டி உறுமியது. செலவு, ஒரு பம்ப்பின் விலையும் நாலு பேருக்குக் குளிர்பானமும்.

இங்கேதான் அப்பா, நீங்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிற்காத வண்டி வேறு, நின்றால் நாமே எழுப்பக்கூடிய வண்டி வேறு. உங்கள் காலத்து வண்டிகள் இரண்டாவது வகை. அவற்றை நீங்கள் முதல் வகை என்று நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

இதை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தப் பெரியவரிடமே கேட்டேன். அவர் கொட்டகையில் 1970-களின் பிக்கப் ஒன்று இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் இருக்கும் பாயிண்ட் எல்லாம் உங்களுக்குப் பழக்கமான ஆசாமிகள். பானட்டுக்குள் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம். "அந்தக் காலத்து வண்டிகள்தான் உறுதி, இல்லையா?" என்றேன். மனிதர் சிரித்துவிட்டு, கதவைத் திறந்து ஓடோமீட்டரைக் காட்டினார். மைலுக்கு ஐந்தே இலக்கம். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். "ஒரு லட்சம் மைல் ஓடும் என்று செய்தவனே எதிர்பார்க்கவில்லை" என்றார்.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் பட்டறைதான் கண்முன் வந்தது. பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் மைலுக்கு ஒரு முறை பிளக் மாற்ற வேண்டும். இன்று பல வண்டிகளில் ஒரு லட்சம் மைல் வரை தொடவே வேண்டாம். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சோக்கை இழுத்துப்பிடித்துக்கொண்டு காலையில் கெஞ்ச வேண்டும். கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் யாரும் பழுது என்று எண்ணவில்லை. வண்டி வைத்திருப்பது என்றால் அதுதான் என்று எண்ணினார்கள். நீங்களும் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு எழுதிவைத்திருந்தீர்கள்.

இன்னொன்றும் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒன்பது பிக்கப் வாங்கியிருக்கிறார். கொட்டகையில் இருப்பது ஒன்று. மீதி எட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தப்பித்த ஒன்றைப் பார்த்து நாம் அந்தத் தலைமுறை முழுவதையும் அளக்கிறோம்.

பழைய பெயர்பெற்ற எஞ்சின்களும் உண்டு, மறுக்கவில்லை. ஃபோர்டில் 1965 முதல் 1996 வரை வந்த 4.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுழற்றச் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, பல்சக்கரத்தோடு பல்சக்கரம். நீங்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். டாட்ஜ் பிக்கப்களில் 1989 முதல் 1998 வரை வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்னொன்று. பம்ப்புக்கு எலெக்ட்ரானிக்ஸ் உதவியே தேவையில்லை. ஆனால் அந்த மகாராஜாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. டைமிங் கியர் பெட்டியில் ஒரு சின்ன இரும்பு முளை அதிர்ச்சியில் மெல்ல மெல்லக் கழன்று பல்சக்கரங்களுக்குள் விழுந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே திறந்து, முளைக்கு மேல் ஒரு தகட்டைத் திருகி அடைத்துவிடுவார்கள். பழைய வண்டியின் பெருமை இதுதான் என்பேன்: அதன் நோய்கள் எல்லாம் ஊருக்கே தெரியும்.

புது வண்டிகளின் நோய் இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. இங்கே உங்கள் பக்கம் வருகிறேன், சந்தோஷப்படுங்கள். "டொயோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய பெரிய பிக்கப் டன்ட்ராவில் 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைக் கைவிட்டு, 2022 மாடல் முதல் இரட்டை டர்போ வைத்த ஆறு சிலிண்டருக்கு மாறினார்கள். 2024 மே மாதம் சுமார் 1,02,000 வண்டிகளைக் குறை நீக்கத் திரும்ப அழைத்தார்கள். எஞ்சினைக் கடைந்தபோது விழுந்த இரும்புத் துகள் உள்ளேயே தங்கிவிட்டதாம். உங்கள் பட்டறையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பழைய டொயோட்டாவையும் விட்டுவிடக் கூடாது: 1990-களின் டக்கோமாக்களில் எஞ்சின் கல்லாக இருக்க, சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பனிக்கு உப்புத் தூவும் வடக்கு மாநிலங்களில்தான் அதிகம். இங்கே மேற்கு டெக்சாஸில் காற்று காய்ந்தது, என் வண்டியின் அடிவயிறு சுத்தமாக இருக்கிறது.

அடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ். இந்த ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 வைத்த வண்டிகள், அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ ஆறு லட்சம், திரும்ப அழைக்கப்பட்டன. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, இவற்றின் தயாரிப்பில் குறை. சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு என்ன பரிகாரம் தெரியுமா? இதுவரை ஊற்றிய தண்ணீர் போன்ற 0டபிள்யூ-20 ஆயிலை விட்டுவிட்டு, கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றுவது! "ஆயில் தண்ணீராக இருந்தால் பேரிங் பேசும்" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்து அன்று தனியாகச் சிரித்தேன்.

மெல்லிய ஆயில், டர்போ, பத்து கியர், எல்லாம் கொஞ்சம் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான். எரிபொருள் சிக்கனத்துக்கு இங்கே 1975-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதன் பிடியில் ஒவ்வொரு துளியாகப் பிழிந்தார்கள். சமதளச் சாலையில் எட்டில் நான்கு சிலிண்டரைத் தூங்கவைக்கும் ஏற்பாடுகூட உண்டு. ஆயில் அழுத்தத்தால், வால்வைத் தூக்கும் டாப்பெட்டுக்குள் ஒரு பூட்டு விலகி, வால்வு திறக்காமல் நிற்கும். தூங்கிய டாப்பெட் எழுந்திருக்க மறுத்தால் கேம் ஷாஃப்டையே அரைத்துவிடும். விஷயம் தெரிந்த சிலர் அந்தத் தூக்கத்தையே தடுக்கும் ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள்.

ஆனால் கம்ப்யூட்டரே எதிரி என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1996 மாடல் முதல் இங்கே எல்லாக் கார்களிலும் பிக்கப்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரே மாதிரியான சோதனை இணைப்பு கட்டாயம். மலிவான ஒரு கருவியைச் செருகினால் எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று எண்ணாகச் சொல்லும். நீங்கள் ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து அரை மணி நேரம் கண்டுபிடித்ததை அது அரை நிமிடத்தில் சொல்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் காது மற்ற இடங்களுக்குத் தேவைப்படுகிறது.

ஆகவே என் கட்சி நடுவில். 1990-களின் பின்பாதியிலிருந்து 2010 வரையிலான பிக்கப்கள். கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டர்போவும் பத்து கியரும் இன்னும் பரவவில்லை. அதிலும் எல்லா மாடலும் தேறாது, வருடம் பார்த்து வாங்க வேண்டும். 2004-ஐ ஒட்டிய ஒரு பிரபல எஞ்சினில் பிளக்கைக் கழற்றினால் பாதி ஹெட்டுக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும்; அந்தப் பழியைச் சுமந்த வண்டியை நான் தவிர்த்தேன்.

உயிர் விஷயத்தில் மட்டும் புதியதற்கே என் ஓட்டு. பெரியவரின் வண்டியில் பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால், ஓட்டுநர் முதுகோடு ஒட்டி இருந்ததை நான் சொல்லாமல் விட்டேன். 1970-களின் தொடக்கம் வரை பல பிக்கப்களில் அப்படித்தான். ஏர்பேக் இல்லை, சறுக்கினால் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு இல்லை. அந்தச் சறுக்கல் கட்டுப்பாடு 2012 மாடல் முதல்தான் இங்கே கட்டாயம், என் வண்டியிலும் கிடையாது. மழைநாளில் கம்பெனி வண்டியில்தான் போகிறேன்.

கேட்டிருந்தீர்களே, இங்கே எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) உண்டா என்று. டெக்சாஸில் சொந்த உபயோக வண்டிகளுக்கு ஆண்டுதோறும் இருந்த பாதுகாப்புப் பரிசோதனையை இந்த ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு வாங்கிய ஏழரை டாலரை மட்டும் எடுக்கவில்லை. பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் போல) புகைப் பரிசோதனை தொடர்கிறது, லப்பக்கில் இல்லை. வழுக்கை டயரோடு போகும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நம்முடையதை நாமே பரிசோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். குளிர் தொடங்கிவிட்டது. நான்கைந்து நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கத்தில் இரண்டு விநாடி ஒரு கடகட சத்தம், ஆயில் ஏறியதும் நின்றுவிடுகிறது. கருவி எதுவும் சொல்லவில்லை. கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயினா, டாப்பெட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. நேற்றும் இன்றும் பதிவுசெய்து தங்கையின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது பதிவில் நாய் குரைப்பது பக்கத்து வீட்டு நாய், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சத்தத்தைப் பெரிதாக வைத்து இரண்டு மூன்று முறை கேளுங்கள். செயின் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை பெரியவரின் கொட்டகை காலியாக இருக்கிறது.

அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்