நூலகத்துக்குப் பின்னால் செயின் மாட்டிக்கொடுத்த அண்ணாவுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, தேர்வுக்குப் பன்னிரண்டே நிமிடம் இருக்கும்போது, நூலகத்துக்குப் பின்னால் இறங்கும் அந்தக் குறுக்குவழியில் என் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. விடுதியில் இருக்கிற பாதிப் பேர் அந்த வழியில்தான் போவார்கள். அன்றைக்கென்று யாரும் நிற்கவில்லை, எல்லாருக்கும் தேர்வு, தப்பும் சொல்ல முடியாது.

நீங்கள் மட்டும் நின்றீர்கள். "தள்ளுங்க தம்பி" என்று சொல்லி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குச்சியால் செயினைத் தூக்கி முதலில் பின்பக்கப் பல்சக்கரத்தில் உட்காரவைத்து, அப்புறம் முன்பக்கம் இரண்டு மூன்று பற்களில் மட்டும் மாட்டி, பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினீர்கள். டக்கென்று உட்கார்ந்துவிட்டது. அதுவரை நான் கையால் இழுத்து இழுத்து விரலெல்லாம் கிரீஸ் ஆக்கியதுதான் மிச்சம் (விடைத்தாளின் முதல் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை இருக்கிறது, திருத்துபவர் மன்னிக்கட்டும்).

பின் சக்கர நட்டு தளர்ந்து சக்கரம் முன்னால் நகர்ந்திருக்கிறது, செயின் தொய்ந்ததால்தான் கழல்கிறது, சக்கரத்தைப் பின்னால் இழுத்து ஸ்பானரால் முடுக்கிவிடுங்கள் என்றும் சொன்னீர்கள். சாயங்காலமே செய்துவிட்டேன். அப்புறம் ஒருமுறைகூடக் கழலவில்லை.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. நீல முதுகுப்பை, கையில் சுருட்டிய வரைபடத்தாள், அவ்வளவுதான் ஞாபகம். உங்களுக்கும் அன்று தேர்வு இருந்ததா? நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா? ரொம்ப நன்றி அண்ணா.