ஆலங்குளம் தாண்டியாச்சா?

திருநெல்வேலி–தென்காசி தடத்தில் 19 வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். தண்ணீர் குடித்தால் நடுவழியில் எங்கே இறங்குவது? குடிக்காமலே ஓட்டிப் பழகியதில் வலது சிறுநீரகத்தில் 24 மில்லிமீட்டர் கல். அவ்வளவு பெரிய கல் தானாக வெளியே வராது என்று டாக்டர் சொல்லியும், வாழைத்தண்டுச் சாற்றை நம்பி ஆறு மாதத்தை வீணடித்தது என் தப்பு.

பயம்தான் காரணம். 1988-இல் அப்பாவுக்கும் இதே கல். விலாவில் அரிவாள் வெட்டு மாதிரித் தழும்பு. துளை போட்டுக் கல் எடுக்கும் முறையை 1976-லேயே ஸ்வீடன் டாக்டர்கள் எழுதிவிட்டார்களாம். அது அப்பாவுக்கு வந்து சேரவில்லை.

எனக்கு முதுகில் ஒரு சென்டிமீட்டர் துளைதான். முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் குப்புறப் படுக்க வைத்தார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்கி, அந்த வழியைப் பெரிதாக்கி, குழாய் விட்டுக் கல்லை உடைத்தார்கள். வலி இல்லை. ஆனால் ஜல்லி உடைப்பதுபோல் உள்ளே டக் டக் என்ற அதிர்வு. நான் நடுங்குவதைப் பார்த்த மயக்க மருந்து டாக்டரம்மா, என் தடத்து ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார். "ஆலங்குளம் தாண்டியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவூர்சத்திரம் வந்தபோது கல்லெல்லாம் வெளியே வந்திருந்தது. அம்மா, அந்தப் பயணத்துக்கு நன்றி.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நன்றி. வெளியே மாட்டியிருந்த மூத்திரப் பை சிவந்ததைக் கண்டு நான் பதற, "நாளைக்கு ரோஸ் ஆகும், அப்புறம் வெளுத்திரும்" என்று ராத்திரி இரண்டு மணிக்கும் சலிக்காமல் சொன்ன நர்ஸ் தங்கச்சிக்கு நன்றி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூத்திரம் தடையில்லாமல் இறங்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய்தான் மூன்று வாரம் படுத்தியது. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் விலாவில் சுண்டி இழுக்கும். அந்த நாட்களில் தினமும் பார்லி கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு மதினிக்கும், என் டியூட்டியைப் பங்கு போட்டுக்கொண்ட டிப்போ நண்பர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, என் கண்டக்டர் மாப்பிள்ளைக்கு. வலியில் நான் ஸ்டியரிங்கில் சாய்ந்த அன்று பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆட்டோவில் என்னை மடியில் கிடத்திக் கொண்டுபோனவன். இப்போது ஆலங்குளத்தில் பஸ் நின்றதும் பாட்டிலை நீட்டுகிறான். பாதி காலியானால்தான் விசில்.