பெட்டியில் அச்சிட்ட தூரமும் கடமான் நிற்கும் தூரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்கள் வாங்க வேண்டிய கருவிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி, காலணி, மழைச்சட்டை பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லேசர் தூரமானி பற்றிய பத்திதான் என்னை எழுத உட்கார வைத்தது. எவ்வளவு தூரம் அளக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் எதில் பெரிதாக இருக்கிறதோ அதை வாங்கச் சொல்கிறார். கையில் பணம் குறைவென்றால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் வைத்திருப்பதே போதும் என்கிறார். இரண்டையும் நம்பிக் கடைக்குப் போனால் பணமும் வீண், மானும் காயத்தோடு ஓடும்.

நான் விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து மலைக்காடுகளுக்குக் கடமான் வேட்டைக்குப் போகிறவன். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் கடமானைச் சுட்டால் சிறைதான். இங்கே கதை வேறு. 1860களில் இலங்கையிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டவை பெருகி, மலைச் சரிவெல்லாம் நிறைந்து, மரக்கன்றுகளையும் ஓடைக்கரைகளையும் அழித்துக்கொண்டிருக்கின்றன. உரிமம் எடுத்தவர், அனுமதித்த காடுகளில், ஆண்டு முழுவதும் நடந்து தேடிச் சுடலாம். மேகமலையில் திரியும் அதே இனம்தான், இங்கே யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். அதனால்தான் .270 காலிபருக்கும் (அங்குலத்தில் குழல் விட்டம்) 130 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கும் குறைந்ததைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

முதலில் அந்தப் பெரிய எண். தூரமானி கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. 300 மீட்டர் போய்வர 2 மைக்ரோவினாடி. திரும்பி வரும் ஒளி போதுமான அளவு இருந்தால்தான் கணக்கே நடக்கும். பெட்டியில் 1800 என்று போட்டிருந்தால், அது பளபளக்கும் பலகையைப் பார்த்து அளந்த தூரம். அதே பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் மரத்துக்கு ஒரு எண், மானுக்கு ஒரு எண் இருக்கும். மானுக்கான எண் பெரும்பாலும் முன்பக்க எண்ணில் பாதி, சிலவற்றில் அதற்கும் கீழே. அதுவும் நல்ல வெளிச்சத்தில், அசையாத கையில். கடமானின் தோலோ கரும்பழுப்பு. மழையில் நனைந்து நின்றால் வந்த ஒளியை விழுங்கிவிடும். நடுப்பகல் வெயிலும் உதவாது, சூரிய ஒளியின் இரைச்சலில் திரும்பி வரும் துடிப்பு அடிபட்டுப் போகும்.

ஆகவே வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். அதில் மானுக்கான எண் 500 மீட்டரைத் தொட்டால் கிப்ஸ்லாந்துக்குத் தாராளம். எங்கள் காட்டில் பெரும்பாலான சூடு 150 மீட்டருக்குள் முடிந்துவிடும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நிற்பதைச் சுட நேர்ந்தால் 250, 300. அதற்கு மேல் சுட விரும்புகிறவர் கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் தன் கையைப் பற்றி யோசிக்கட்டும். 200 மீட்டருக்குக் குறியைச் சரிசெய்து வைத்த .308 துப்பாக்கியில் குண்டு 300 மீட்டரில் ஒரு சாண் இறங்கும், 400 மீட்டரில் ஒன்றரை முழம். கடமானின் நெஞ்சுக்கூட்டில் குண்டு பட வேண்டிய இடமோ ஒரு சாணுக்குச் சற்று மேல். தூரத்தைத் தவறாகக் கணித்தால் அடிவயிற்றில் படும், அல்லது காலில் படும். மான் உடனே சாகாது, கிடைக்கவும் கிடைக்காது.

இப்போது கோல்ஃப் கருவி. இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. கோல்ஃப் திடலில் கொடிக்கம்பம் முன்னால் நிற்கும், மரங்கள் பின்னால் நிற்கும். கம்பத்தின் தூரம்தான் ஆடுகிறவருக்கு வேண்டும். ஆகவே அந்தக் கருவி, பட்டுத் திரும்பிய ஒளிகளில் மிக அருகிலிருந்து வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. காட்டில் நிலைமை தலைகீழ். முன்னால் நிற்பது வாட்டில் மரக்கிளை, பின்னால் நிற்பதுதான் மான். சென்ற குளிர்காலத்தில் என்னோடு வந்த நண்பர் இப்படியொரு கருவியைத்தான் கொண்டுவந்தார். எதிர்ச்சரிவில் ஒரு பெண் கடமான் காதைத் திருப்பித் திருப்பி நின்றது. அவர் பொத்தானை அழுத்தினார், 43 என்று காட்டியது. மறுபடி அழுத்தினார், 44. இடையில் ஒரு ஓடையும் ஒரு சரிவும் தெரிகிறது, எப்படி 43 மீட்டராக இருக்கும்? எங்களுக்கு முன்னால் விரல் பருமனில் நீட்டிக்கொண்டிருந்த கிளைக்குத்தான் கருவி தூரம் சொல்லிக்கொண்டிருந்தது. என் கருவியில் 215 வந்தது. வேட்டைக்கென்று செய்தவற்றில் 'கடைசி இலக்கு' என்ற அமைப்பு உண்டு, சில நிறுவனங்கள் வேறு பெயரில் தரும். பட்டுத் திரும்பியவற்றில் மிகத் தொலைவிலிருந்து வந்ததை அது எடுத்துக்கொள்ளும். மூடுபனியிலும் தூறலிலும் இதுவே கைகொடுக்கும், இல்லாவிட்டால் கருவி மழைத்துளியை அளந்து சொல்லும். எனக்கு இந்த ஓர் அமைப்பு, பெட்டியில் கூடுதலாக ஆயிரம் மீட்டர் போடுவதைவிடப் பெரிது. ஆனால் இதிலும் கவனம் வேண்டும். மானுக்குப் பின்னால் சரிவு எழும்பி நின்றால், ஒளிக்கற்றையின் ஓரம் அதில் பட்டு, தூரம் கூடுதலாகக் காட்டும். டார்ச் வெளிச்சம் போகப்போக அகலமாவதுபோல் இந்தக் கற்றையும் விரியும். பலவற்றில் 300 மீட்டரில் அரை மீட்டரையும் தாண்டிவிடும். மானின் உடலை மட்டுமல்லாமல் அதன் காலடி மண்ணையும் ஒருமுறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

திரையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கடமான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். கறுப்பு எழுத்தில் எண் காட்டும் திரை அந்த வெளிச்சத்தில் கரும்பழுப்பு மானின் மேல் படிந்து காணாமல் போய்விடும். சிவப்பில் ஒளிரும் எழுத்து வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். குறைக்க முடியாவிட்டால் அந்தியில் அந்தச் சிவப்பே கண்ணைக் கூசவைத்து மானை மறைத்துவிடும்.

கோணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வசதிக்குக் கடைக்காரர்கள் நிறைய விலை சொல்கிறார்கள். சரிவில் 30 டிகிரி கீழ்நோக்கி 200 மீட்டரில் நிற்கும் மானுக்கு, கிடைமட்டத் தூரமான 173 மீட்டர் என்று எண்ணிக் குறிபார்க்க வேண்டும். துப்பாக்கிக்கு அந்தத் தூரத்தில் இதனால் வரும் வித்தியாசம் சில சென்டிமீட்டர், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வில் வேட்டைக்காரருக்கு அப்படியில்லை. அதே சரிவில் 40 மீட்டர் 35 ஆகிவிடும், 40க்கு வைத்த குறியில் எய்தால் அம்பு பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகப் போகும். வில் எடுப்பவர் இந்த வசதியில்லாத கருவியை வாங்கவே கூடாது. துப்பாக்கி எடுப்பவர், மிச்சப்படும் பணத்தை நல்ல லென்ஸில் போடலாம். செல்பேசியோடு இணைந்து காற்றழுத்தம் சொல்லும் வகைகளும் உண்டு. அவற்றோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குப் பொறுமை அதிகம்.

வாங்கிய பிறகு கடை ரசீதைத் தூக்கிப் போடாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். கிப்ஸ்லாந்துச் சாலையோரப் புல்வெளிகளில் கறுப்பு ஆங்கஸ் மாடுகள் மேயும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவற்றை அளந்து பாருங்கள். கடமானுக்கு மிக நெருங்கிய பரீட்சை அதுதான். வெள்ளைப் பெயர்ப்பலகையை 1000 மீட்டரில் சொன்ன கருவி, 400 மீட்டரில் நிற்கும் மாட்டுக்கு எண்ணில்லாமல் வெறும் கோடு காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது, வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஒரு விளக்குக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, குறியை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக்கொண்டே அளக்க வேண்டும். எந்த இடத்தில் எண் தோன்றுகிறது, எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்தால், திரையில் தெரியும் குறியும் உண்மையில் ஒளி போகும் இடமும் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும். விலகியிருந்தால் எந்தப் பக்கம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம், மிகவும் விலகியிருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம்.

இன்னொன்று. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கருவி பெட்டியிலிருந்து வெளியே வரும்போது கஜத்தில்தான் அளக்கும். 400 கஜம் என்பது 366 மீட்டர். துப்பாக்கியின் அட்டவணையை மீட்டரில் எழுதி வைத்துக்கொண்டு கருவியைக் கஜத்தில் விட்டுவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது சில கருவிகள் பழையபடி கஜத்துக்குப் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் மாற்று ஒன்று உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில் இருக்கட்டும்.

டிசம்பர் தள்ளுபடி விற்பனை நெருங்குகிறது. உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அதற்குள் அந்தக் கோல்ஃப் வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டான்டெனோங், விக்டோரியா.